டேட்டா லேக்கில் யாருக்கு எது தெரியும் என்பது டேக் ஒட்டுபவர் கையில் இருக்கிறது

அமேசான் கிளவுடில் டேட்டா லேக் (நிறுவனத்தின் டேட்டாவை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் கிடங்கு) ஆரம்பிக்கிற எந்த டீமுக்கும் முதல் வருஷம் பெர்மிஷன் ஒரு பிரச்சினையாகவே தெரியாது. எஸ்3 என்ற சேமிப்புச் சேவையின் பக்கெட்டில் பார்க்கெட் வகை டேட்டா ஃபைல்கள், எந்த டேபிள் எங்கே இருக்கிறது என்று பட்டியல் வைக்கும் குளூ கேட்டலாகில் இருபது முப்பது டேபிள், அந்த டேபிள்களிடம் கேள்வி கேட்கும் சேவையான அதீனாவில் குவரி போட நாலைந்து பேர். யாராவது கேட்டால் அட்மின் போய் அந்த டேபிளுக்கு அனுமதி கொடுப்பார், முடிந்தது. டேபிள் 400 ஆகி, அதைப் பார்க்கிற குழுக்கள் 15 ஆனபிறகுதான் கணக்கு இடிக்கும். 400 பெருக்கல் 15 என்றால் 6,000 இடங்களில் உண்டா இல்லையா என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்க வேண்டும். அது போதாதென்று மொபைல் எண், வங்கிக் கணக்கு எண் இருக்கிற நெடுவரிசைகளை மட்டும் மறையுங்கள் என்று ஆடிட்டில் சொல்லிவிட்டால் அந்த 6,000 எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே வேண்டாம். நடைமுறையில் யாரும் 6,000 முடிவு எடுப்பதில்லை. "அந்த டீமுக்கு டேட்டாபேஸ் முழுசா கொடுத்துடுங்க" என்று ஒரு டிக்கெட் வரும், அட்மினும் கொடுத்துவிடுவார்.

2018 நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த ரீ:இன்வென்ட் மாநாட்டில் அமேசான் லேக் ஃபார்மேஷன் என்ற சேவையை அறிவித்தது, 2019 ஆகஸ்டில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதுவரை ஐஏஎம் (அமேசான் கிளவுடின் பொதுவான அனுமதி முறை) பாலிசியில் பக்கெட், ஃபோல்டர் என்று எழுதிக்கொண்டிருந்ததை, டேட்டாபேஸ், டேபிள், நெடுவரிசை என்று கிராண்ட் (அனுமதி) கொடுக்கும் பழைய டேட்டாபேஸ் பாணிக்குக் கொண்டுவந்ததுதான் அதன் முக்கியமான வேலை. அப்போதும் ஒவ்வொரு டேபிளையும் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. 2021-இல் வந்த எல்எஃப்-டேக்தான் (லேக் ஃபார்மேஷன் டேக், டேட்டாவின்மேல் ஒட்டும் அடையாளச் சீட்டு) பெயரை விட்டுவிட்டு "இந்த மாதிரி டேட்டா எல்லாம் இவர்களுக்கு" என்று சொல்ல வழி செய்தது. யோசனை ஒன்றும் புதிதல்ல. ஹடூப் என்ற பழைய டேட்டா மேடையின் காலத்திலேயே அப்பாச்சி அட்லஸ் என்ற கேட்டலாகில் டேக் ஒட்டி, அப்பாச்சி ரேஞ்சர் என்ற அனுமதிக் கருவியில் அந்த டேக்கை வைத்துப் பாலிசி எழுதியவர்கள் உண்டு. ஆனால் ரேஞ்சரில் இருந்த ஒரு முக்கியமான வசதி இங்கே இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செலவுக் கணக்குக்காக ஈசி2 மெஷினிலும் எஸ்3 பக்கெட்டிலும் ஒட்டுகிற டேக் வேறு, இது வேறு. அதை மாற்றினால் இதற்கு ஒன்றும் ஆகாது. எல்எஃப்-டேக் லேக் ஃபார்மேஷனுக்குள் மட்டும்தான் செல்லும், குளூ கேட்டலாகில் இருக்கிற டேட்டாபேஸ், டேபிள், நெடுவரிசை ஆகியவற்றின்மேல்தான் ஒட்டும்.

டேக் என்பது ஒரு பெயர், அதற்கு முன்கூட்டியே வரையறுத்த சில மதிப்புகள், அவ்வளவுதான். 'பொருள்' என்று ஒரு டேக் வைத்துக்கொள்வோம், அதன் மதிப்புகள் ஆர்டர், வாடிக்கையாளர், சம்பளம். 'ரகசியம்' என்று இன்னொன்று, அதற்குப் பொது, உள், தனிநபர் என மூன்று மதிப்புகள். (நிஜத்தில் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பெயர் வைப்பார்கள், பெரிய எழுத்தில் கொடுத்தாலும் லேக் ஃபார்மேஷன் அதைச் சிறிய எழுத்தாக்கித்தான் சேமிக்கும்.) ஒரு பக்கம் இந்த டேக்குகளை டேட்டாவில் ஒட்டுகிறோம். மறுபக்கம் விற்பனை அனலிஸ்ட் ரோலுக்கு (அந்த வேலை பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்ளும் பொது அடையாளம்) "பொருள் ஆர்டராகவும், ரகசியம் பொது அல்லது உள் ஆகவும் இருக்கிற டேபிள் எல்லாவற்றிலும் செலக்ட், அதாவது படிக்கும் உரிமை" என்று ஒரே ஒரு கிராண்ட். நாளைக்கு ஆர்டர் சம்பந்தமாக இன்னும் பத்து டேபிள் வந்தாலும், சரியான டேக் ஒட்டியிருந்தால் அந்த கிராண்டை யாரும் தொட வேண்டியதில்லை.

கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆர்டர் டேபிளில் ஆறு நெடுவரிசைகள்: ஆர்டர் எண், தேதி, தொகை, ஊர், மொபைல், வங்கிக் கணக்கு. டேபிளுக்கு பொருள்=ஆர்டர், ரகசியம்=உள். கடைசி இரண்டு நெடுவரிசைகளுக்கு மட்டும் அதை மாற்றி ரகசியம்=தனிநபர். இப்போது அனலிஸ்ட் அதீனாவில் செலக்ட் ஸ்டார் (எல்லா நெடுவரிசையும் கொடு என்ற குவரி) போட்டால் நான்கு நெடுவரிசைகள் வரும். எச்சரிக்கை எதுவும் வராது, மீதி இரண்டு இருந்த சுவடே தெரியாது. அவரே மொபைல் நெடுவரிசையைப் பெயர் சொல்லிக் கேட்டால் பிழை வரும். அந்தப் பிழைச் செய்தியும் அப்படி ஒரு நெடுவரிசை கிடைக்கவில்லை, அல்லது கேட்டவருக்கு அனுமதி இல்லை என்று இரண்டையும் சேர்த்தே சொல்லும். பாதுகாப்புக்கு அது சரிதான், ஆனால் எழுத்துப்பிழையோ என்று தேடியே அரை நாளைத் தொலைப்பவர்கள் உண்டு. கூகுளின் டேட்டா சேவையான பிக்குவரியில் நெடுவரிசைக்குப் பாலிசி டேக் ஒட்டியிருந்து உங்களுக்கு அனுமதி இல்லையென்றால், செலக்ட் ஸ்டார் மொத்தமாகவே மறுக்கப்படும். எனக்கு அந்தக் கறார்தான் பிடிக்கும். அதீனா வழியில், நேற்று வரை வந்துகொண்டிருந்த ஒரு நெடுவரிசை இன்று சத்தமில்லாமல் காணாமல் போய், அதை நம்பியிருந்த ரிப்போர்ட் வேறெங்கோ போய் உடையும்.

இரண்டு கிராண்டா, ஒரு கிராண்டா

டேக் முறையில் அதிகம் பேர் சறுக்குகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரே கிராண்டுக்குள் இரண்டு டேக் போட்டால் இரண்டுமே பொருந்த வேண்டும். ஒரே டேக்குக்கு இரண்டு மதிப்பு போட்டால் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். இதுவரை யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் தனித்தனியாகக் கொடுத்த கிராண்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று கூட்டப்படும். அதாவது முதலில் ஒருவர் பொருள்=ஆர்டர் என்று மட்டும் ஒரு கிராண்ட் கொடுக்கிறார், அப்புறம் இன்னொருவர் "ரகசியத்தையும் கட்டுப்படுத்திடலாம்" என்று நினைத்து அதே ரோலுக்கு ரகசியம்=பொது என்று இரண்டாவது கிராண்ட் கொடுக்கிறார். அவர் நினைத்தது இறுக்குவதாக. நடந்தது என்னவென்றால், ஆர்டர் சம்பந்தமான எல்லாமே, அதில் இருக்கிற தனிநபர் நெடுவரிசைகள் உட்பட, முன்போலவே தெரிகிறது, அதோடு நிறுவனம் முழுவதிலும் பொது என்று ஒட்டப்பட்ட எல்லாமும் கூடுதலாகத் தெரிகிறது. இறுக்கப் போய்த் தளர்த்தியாயிற்று.

இதற்கெல்லாம் அடிப்படைக் காரணம், லேக் ஃபார்மேஷனில் மறுப்பு என்ற ஒன்றே கிடையாது. கொடுக்கலாம், கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம். "என்ன ஆனாலும் இவருக்கு இதைக் காட்டாதே" என்று எழுத இடமில்லை. ரேஞ்சரில் இருந்தது என்று சொன்னேனே, அது இதுதான்: அங்கே மறுப்புப் பாலிசி எழுதலாம். இங்கே டேக் வைத்து எழுதும் நிபந்தனையில் "இது தவிர மற்றதெல்லாம்" என்றும் எழுத முடியாது. ரகசியம் என்ற டேக்கில் பொதுவைவிட உள் உயர்ந்தது, உள்ளைவிடத் தனிநபர் உயர்ந்தது என்பது நம் மனதில் மட்டும் இருக்கிற வரிசை, லேக் ஃபார்மேஷனுக்கு அவை மூன்று வெறும் சொற்கள். மேல் மட்டத்தைப் பார்க்க உரிமை உள்ளவருக்கும் மூன்று மதிப்புகளையும் ஒவ்வொன்றாக எழுதித்தான் ஆக வேண்டும்.

பெயர் சொல்லிக் கொடுத்த பழைய கிராண்டுகளும் இந்தக் கூட்டலில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டேக்குக்கு மாறுகிறோம் என்று முடிவெடுத்து, மொபைல் நெடுவரிசையில் தனிநபர் என்று ஒட்டிவிட்டு, "மறைச்சாச்சு" என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். ஆனால் போன வருஷம் அந்த ரோலுக்கு அந்த டேபிள் முழுவதுக்கும் பெயர் சொல்லிக் கொடுத்த கிராண்ட் அப்படியே உயிரோடு இருக்கும், மொபைல் எண்ணும் அப்படியே தெரியும். டேக் ஒட்டுவது எதையும் மூடாது, பழையதை ரத்து செய்தால்தான் மூடும். எனவே மாறும்போது முதலில் டேக் ஒட்டி, டேக் கிராண்ட் கொடுத்து, அந்த ரோலில் குவரி போட்டுப் பார்த்து, பிறகு பெயர் கிராண்டுகளை ஒவ்வொரு டீமாக ரத்து செய்துகொண்டு வர வேண்டும். சலிப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது.

புதிய அக்கவுண்டில் இதைவிட வேடிக்கையான நிலை ஒன்று உண்டு. பழைய ஐஏஎம் முறையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, டேட்டாபேஸ், டேபிள் உருவாகும்போதே ஐஏஎம்-அலவ்ட்-பிரின்சிபல்ஸ் என்ற ஒரு கற்பனைக் குழுவுக்கு முழு அனுமதி போய்விடும். அது இருக்கும் வரை ஐஏஎம் அனுமதி உள்ள எல்லோருக்கும் எல்லாம் தெரியும். டேக் எத்தனை ஒட்டினாலும் அலங்காரம்தான். கேட்டலாக் செட்டிங்கில் அதை நிறுத்தினால் இனி வரும் டேபிள்களுக்கு மட்டும்தான் பொருந்தும், ஏற்கெனவே இருப்பவற்றில் கையால் நீக்க வேண்டும்.

வாரிசாக வரும் டேக்

டேட்டாபேஸில் ஒட்டிய டேக் அதிலுள்ள எல்லா டேபிளுக்கும் தானாக வரும், டேபிளில் ஒட்டியது அதன் நெடுவரிசைகளுக்கு வரும். வேண்டுமானால் கீழே மதிப்பை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மேலிருந்து வந்த டேக்கைக் கழற்றி எறிய முடியாது. வசதியான ஏற்பாடுதான். ஆபத்தும் இதற்குள்ளேயேதான் இருக்கிறது.

மேலே சொன்ன ஆர்டர் டேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். டேபிளுக்கு உள், இரண்டு நெடுவரிசைகளுக்கு மட்டும் தனிநபர். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் ஆப் எழுதுகிற டீம் ஆர்டரில் "டெலிவரிக்கான மாற்று மொபைல்" என்று ஒரு புது ஃபீல்டைச் சேர்க்கிறது. இரவு குளூ கிராலர் (ஃபைல்களைப் படித்துக் கேட்டலாகைப் புதுப்பிக்கும் புரோகிராம்) ஓடுகிறது, புது நெடுவரிசையைக் கண்டுபிடித்து டேபிளில் சேர்க்கிறது. அதற்கென்று யாரும் டேக் ஒட்டவில்லை, ஆகவே டேபிளின் டேக்கான உள் அதற்கும் வந்துவிடுகிறது. காலையில் விற்பனை டீம் முழுவதற்கும் வாடிக்கையாளர்களின் மாற்று மொபைல் எண் தெரிகிறது. யாரும் எந்த கிராண்டையும் மாற்றவில்லை, எந்த அட்மினும் எந்த பட்டனையும் அழுத்தவில்லை.

டேபிளை அழித்துவிட்டுத் திரும்ப உருவாக்குகிற பைப்லைன்களிலும் இதே கதைதான். டேபிள் போனதும் அதன்மேலும் அதன் நெடுவரிசைகள்மேலும் தனியாக ஒட்டிய டேக்குகள் போய்விடும், திரும்ப வரும் டேபிளுக்கு டேட்டாபேஸின் டேக் மட்டும்தான் இருக்கும். டேபிள்களைக் கட்டப் பயன்படும் டிபிடி என்ற கருவியின் அதீனா அடாப்டரில் டேக்கை மறுபடி ஒட்டுவதற்கென்றே ஒரு கான்ஃபிக் இருப்பது சும்மா இல்லை.

இதற்கு என் யோசனை, மேலே மூடி வைத்துக் கீழே திறப்பது. டேட்டாபேஸ் மட்டத்தில் ரகசியம்=தனிநபர் என்று ஒட்டிவிடுங்கள். திறக்க வேண்டிய நெடுவரிசைகளுக்கு மட்டும் உள் அல்லது பொது என்று மாற்றுங்கள். புது நெடுவரிசை வந்தாலும், டேபிள் அழிந்து திரும்ப வந்தாலும், மூடிய நிலையில்தான் வரும். 80 நெடுவரிசை உள்ள டேபிளில் 75-க்கு டேக் மாற்ற வேண்டுமே என்பீர்கள். வேண்டும்தான், ஆனால் ஒரே அழைப்பில் நெடுவரிசைப் பட்டியலைக் கொடுத்து ஒட்ட ஏபிஐ இருக்கிறது, ஸ்கிரிப்ட் போட்டால் தீர்ந்தது. காலையில் "என் ரிப்போர்ட்டில் ஒரு நெடுவரிசை வரலையே" என்று போன் வரும். கசிந்தபிறகு வருகிற போனுக்கு இது எவ்வளவோ மேல்.

அது கட்டுப்படியாகாது என்றால், கிராலர் எழுதுகிற கச்சா டேட்டாபேஸை மட்டுமாவது முழுக்க மூடி வைத்து, ஆட்கள் பார்க்கிற டேபிள்களைத் தனி டேட்டாபேஸில், ஸ்கீமா (நெடுவரிசை அமைப்பு) மாற்றம் ரிவ்யூ ஆகித்தான் வரும்படி வைத்துக்கொள்ளலாம்.

யார் ஒட்டலாம்

டேக் முறைக்கு மாறியதும் கிராண்ட் எண்ணிக்கை சட்டென்று குறையும், அட்மினுக்கு நிம்மதி. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடமிருந்து நகர்ந்துவிட்டது என்பதைப் பல இடங்களில் கவனிப்பதே இல்லை. ஒரு நெடுவரிசையில் தனிநபர் என்பதைப் பொது என்று மாற்றுகிறவர், 15 குழுக்களுக்கும் ஒரே நொடியில் அதைத் திறந்துவிடுகிறார். அவர் யாருக்கும் கிராண்ட் கொடுக்கவில்லை, கிராண்ட் பட்டியலில் அவர் பெயரே வராது.

லேக் ஃபார்மேஷனில் இதற்கென்று அசோசியேட் என்ற தனி அனுமதி இருக்கிறது. டேக்கைப் பார்க்க டிஸ்கிரைப், ஒட்ட அசோசியேட். இதை மதிப்பு வாரியாகவும் கொடுக்கலாம்: ஆர்டர் டேட்டாவைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்குத் தனிநபர், உள் ஆகிய இரண்டை மட்டும் ஒட்டும் உரிமை, பொது என்று ஒட்ட உரிமை இல்லை. அதாவது அவர் எதையும் எல்லோருக்குமாகத் திறந்துவிட முடியாது. இந்த வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு, பெரும்பாலும் இன்ஜினியர்கள் எல்லோருக்கும் எல்லா டேக்கிலும் அசோசியேட் கொடுத்துவிட்டு, கிராண்டை மட்டும் மூன்று பேர் அப்ரூவல் வாங்கித்தான் கொடுப்பார்கள். தலைகீழ். டேக் மாற்றத்துக்குத்தான் அப்ரூவல் வேண்டும். டெராஃபார்மில் (கிளவுட் செட்டிங்கைக் கோடாக எழுதும் கருவி) எழுதி, கிட்டில் போட்டு, இரண்டாவது ஆள் பார்த்த பிறகுதான் மெர்ஜ் என்றால் யார் எப்போது எதைத் திறந்தார் என்பதற்குப் பதிவும் கிடைக்கும்.

பெயர் வைப்பதிலும் ஒரு விஷயம். டேக்கை "யார் பார்க்கலாம்" என்பதை வைத்துப் பெயரிடாதீர்கள், "இது என்ன டேட்டா" என்பதை வைத்துப் பெயரிடுங்கள். துறை=விற்பனை என்று வைத்தால் முதல் மாதம் நன்றாக இருக்கும். அப்புறம் நிதித் துறைக்கும் அதே டேபிள் வேண்டும் என்பார்கள், ஒரு டேபிளில் ஒரு டேக்குக்கு ஒரு மதிப்புதான் ஒட்ட முடியும், விற்பனையும் நிதியும் சேர்த்து ஒட்ட வழியில்லை. உடனே விற்பனை-நிதி என்று ஒரு மூன்றாவது மதிப்பு பிறக்கும், மார்க்கெட்டிங் வந்ததும் நான்காவது. பொருள்=ஆர்டர் என்று வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, எத்தனை துறை கேட்டாலும் கிராண்ட் பக்கத்தில் ஒன்று கூடும், டேட்டா பக்கத்தில் எதுவும் மாறாது. ஒரு டேபிளில் 50 டேக் வரை ஒட்ட விடுவார்கள் என்பதற்காக ஆசைப்பட வேண்டாம். மூன்று, மிஞ்சினால் நான்கு. அதற்குமேல் போனால் ஒரு டேபிள் ஒருவருக்கு ஏன் தெரிகிறது என்று யாராலும் மனக்கணக்காகச் சொல்ல முடியாது.

டேக் தொடாத வழி

குவரி வரும்போது அதீனா லேக் ஃபார்மேஷனிடம் கேட்கிறது, அது டேக்கைச் சரிபார்த்து, அந்த எஸ்3 இடத்துக்கான தற்காலிகச் சாவியைக் கொடுக்கிறது. பயனாளியின் ரோலுக்கு எஸ்3-இல் நேரடி அனுமதி தேவையே இல்லை. பார்க்கெட் ஃபைலில் ஆறு நெடுவரிசையும் இருக்கும், வேண்டாததை வடிகட்டித் தருவது அதீனா. ஆகவே இந்தப் பாதுகாப்பு, லேக் ஃபார்மேஷனோடு இணைந்து வேலை செய்கிற இன்ஜின்கள் வழியாக வரும்போது மட்டும்தான். அதே ரோலுக்குப் பழைய ஐஏஎம் பாலிசியில் அந்த பக்கெட்டைப் படிக்கும் அனுமதி எங்காவது மிச்சம் இருந்தால், அவர் ஃபைலை அப்படியே லேப்டாப்புக்கு இறக்கிக்கொள்ளலாம். வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவை மறந்த கதைதான்.

2019 ஜூலையில் வெளியே வந்த கேப்பிட்டல் ஒன் வங்கி விவகாரத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது. தவறாக அமைத்த ஒரு ஃபயர்வால் வழியாக நுழைந்தவருக்கு, அந்த மெஷினின் ரோலுக்கான தற்காலிகச் சாவி கிடைத்தது, அந்த ரோலுக்கு எஸ்3 பக்கெட்டுகளைப் பட்டியலிடவும் படிக்கவும் அனுமதி இருந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் போயின, அதில் ஏறக்குறைய 1,40,000 சமூகப் பாதுகாப்பு எண்களும் 80,000 வங்கிக் கணக்கு எண்களும் அடக்கம். 2020 ஆகஸ்டில் அமெரிக்க வங்கி ஒழுங்குமுறை அமைப்பு 8 கோடி டாலர் அபராதம் போட்டது. இப்படி நேராக எஸ்3-ஐப் படிக்கிற ரோலை எந்த எல்எஃப்-டேக்கும் தடுக்காது. டேக் வேலையை ஆரம்பிக்கும் முன் எந்தெந்த ரோலுக்கு டேட்டா பக்கெட்டில் நேரடியாகப் படிக்கும் உரிமை இருக்கிறது என்ற பட்டியலை எடுங்கள். ஸ்பார்க் கிளஸ்டர் ரோல்களும் டேட்டா சயின்ஸ் நோட்புக் ரோல்களும்தான் அதில் முதலில் நிற்கும். டேபிளை உருவாக்கும் ரோலுக்கு அந்த டேபிளில் எல்லா உரிமையும் தானாக வந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பைப்லைன் ரோலை எடுத்துக்கொண்டு குவரி போடுகிறவர்களை டேக் ஒன்றும் செய்யாது.

கிடைவரிசை மட்டத்தில், உதாரணமாக சென்னைக் கிளை ஆட்களுக்குச் சென்னை ஆர்டர் மட்டும் தெரிய வேண்டும் என்றால், டேக்கால் ஆகாது. அதற்கு டேட்டா ஃபில்டர் என்ற தனி வசதி இருக்கிறது, அதை டேபிள் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பெயர் கிராண்டும் டேக் கிராண்டும் கூட்டப்படும் என்று மேலே பார்த்தோம் அல்லவா, ஆகவே ஃபில்டர் போட்ட டேபிள் அதே ரோலுக்கு டேக் வழியாகவும் திறந்திருந்தால் ஃபில்டருக்கு அர்த்தமே போய்விடும்.

கடைசியாக, டேக்கை அழிப்பது. ஒரு டேக் வேண்டாம் என்று நீக்கினால் அதை வைத்து எழுதிய கிராண்டுகள் எல்லாம் செல்லாமல் போகும், அந்த நொடியே அதை நம்பியிருந்தவர்களின் குவரிகள் நிற்கும். பெயர் மாற்ற வேண்டும் என்றால் புது டேக்கை உருவாக்கி, எல்லா இடத்திலும் அதையும் சேர்த்து ஒட்டி, கிராண்டுகளையும் புதிதாகக் கொடுத்து, சில நாள் இரண்டையும் ஓடவிட்டு, பழைய டேக் இன்னும் எந்தெந்த டேபிளில் ஒட்டியிருக்கிறது என்று டேக்கை வைத்துத் தேடும் ஏபிஐயில் ஒருமுறை பார்த்துவிட்டு நீக்குங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் வேண்டாம்.